சாஸ்தாவோடைத் தண்ணீர்

படித்துறைக்கு வந்ததும் சங்கு நின்றது. சேகண்டியும் நின்றது. பித்தளைக் குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு முன்னால் வந்த விஜய்பாண்டி கடைசிப் படியில் நின்று கீழே பார்த்தான். சாஸ்தாவோடையில் மணல்தான் கிடந்தது. மணலுக்கு நடுவே ஒற்றைச் செருப்பு ஒன்று, வெயிலில் வெளிறிப்போன சிப்ஸ் பாக்கெட், யாரோ குடித்துவிட்டுப் போட்ட பாட்டில்கள்.

அப்பா குத்தாலிங்கம் வீட்டு முற்றத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். மெல்போர்னிலிருந்து மகன் வந்து சேரட்டும் என்று இரண்டு நாளாக அவரைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இனி வெளியே எடுத்துக் குளிப்பாட்டித் தேரில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. குளிப்பாட்டுகிற தண்ணீரை மகன் போய் ஓடையில் தலைமுங்கி, ஈர வேட்டியோடு குடத்தில் கொண்டுவர வேண்டும். அதுதான் நீர்மாலை. அந்த வீட்டில் செத்தவர்கள் எல்லோரும் சாஸ்தாவோடைத் தண்ணீரில் குளித்துத்தான் போயிருக்கிறார்கள். அப்பா கடைசியாகக் கேட்டதும் அதைத்தான். படுக்கையில் விழுந்த அன்று அக்கா சுகந்தியைக் கூப்பிட்டு, "எனக்கு லாரித் தண்ணி, குழாத் தண்ணியெல்லாம் ஊத்திராதிய. ஓடத் தண்ணிதான் ஊத்தணும்" என்று சொல்லியிருந்தார்.

"என்ன அத்தான் இது? சீசன் நேரத்துலயுமா இப்படிக் காஞ்சு கெடக்கு?"

சுகந்தியின் புருசன் மாரிராஜ் அவன் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னான். "நாலு வருசமா இப்படித்தான மாப்ள. மேல மறிச்சிருக்காவல்லா."

மேற்கே மலை கறுத்துக் கிடந்தது. மெயின் அருவியில் கூட்டம் தாங்காமல் போலீஸ்காரர்கள் விசில் ஊதுகிறார்கள் என்று வரும் வழியிலேயே டிரைவர் சொல்லியிருந்தார். அந்த மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர்தான் இந்த ஓடைக்கும் வர வேண்டும். மலையடிவாரத்தில் ஒரு ரிசார்ட்காரன் குழாய் பதித்து அதைத் தன் காம்பவுண்டுக்குள் திருப்பிக்கொண்டான். சிமெண்டில் பாறை கட்டி, அதன் மேலிருந்து விழவிட்டு, தனியார் அருவி என்று போர்டும் வைத்துவிட்டான்.

அப்பா அதற்காக ஏறாத படி இல்லை. திங்கட்கிழமை தோறும் தென்காசிக்குப் போய் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்பார். ஒருமுறை அளக்க வந்த அதிகாரி அப்பா வெட்டிக்கொடுத்த இளநீரை இங்கே குடித்தார். மத்தியானச் சாப்பாட்டை ரிசார்ட்டில் முடித்துக்கொண்டார். அப்படி ஒரு ஓடையே கிடையாது, வெறும் பள்ளம்தான் என்று எழுதிவிட்டுப் போனார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யக் கூடாதல்லவா, அவர் கடைசியாக உண்ட வீட்டுக்குச் செய்யவில்லை. வயல் தரிசானது. அப்பா மனுக் கொடுப்பதை மட்டும் விடவில்லை.

விஜய்பாண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவான். "அந்த நாடு அப்படித்தாம்ப்பா. அத நம்மளால திருத்த முடியாது. பேசாம இங்க வந்திருங்க."

"நான் அங்கன வந்துட்டா இங்கன எவம்லே மனு குடுப்பான்?"

ஒரே ஒரு தடவை அப்பா மெல்போர்ன் வந்தார். வேறு எதையும் சுற்றிப்பார்க்கப் பிரியப்படவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஓடிய சின்ன ஓடைக்கரையில் போய் உட்கார்ந்துகொண்டு, "இதுக்கு இன்னும் எவனும் பட்டா வாங்கலியால?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை விஜய்பாண்டி அங்குள்ள தமிழர் வீட்டு விருந்துகளில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறான். கூடவே தன் கதையையும் சொல்வான். இன்ஜினியர் வேலைக்குப் பரீட்சையில் தேறி, இண்டர்வியூ முடிந்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் ஆர்டர் என்றார்கள். அப்பா கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் நாட்டை விட்டு வந்தேன் என்று முடிப்பான். கேட்டவர்கள் ஆளுக்கொரு ஊழலைச் சொல்லி உச்சுக்கொட்டுவார்கள். பிறகு சாப்பாடு வரும்.

"மாப்ள, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது" என்றான் மாரிராஜ். ரிசார்ட்டுக்கு வரும் ஆட்களை ஏற்றி இறக்குவது அவன் வேன்தான். அதனால் மாமனார் அவனோடு பேசி வருசக்கணக்காகிறது. "மானேஜருக்கு ஒரு போனப் போடுதேன். ஒரு அரமணி நேரம் தொறந்து விடுவாரு. துட்டி வீட்டுக் காரியத்துக்குன்னா மாட்டேன்னு சொல்ல மாட்டாரு."

கூட வந்த பங்காளிகள் எல்லோரும் விஜய்பாண்டியைப் பார்த்தார்கள்.

 ஆத்திரத்தில் அவன் குரல் ஓங்கியது. "வேண்டாம் அத்தான். எங்கப்பா எவன்கிட்டயும் போய்க் கையேந்தி நின்னதில்ல. அவன் தொறந்துவிட்ட தண்ணில எங்கப்பாவக் குளிப்பாட்ட வேண்டாம்."

"அப்படிச் சொல்லு" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் சொன்னார். அந்த வார்த்தை விஜய்பாண்டிக்கு நன்றாக இருந்தது. இத்தனை வருசத்துக்குப் பிறகு அப்பாவுக்கு மகனாக ஒரு காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

சடங்கு செய்ய வந்திருந்த இசக்கிமணி மணலில் இறங்கிக் காலால் அழுத்திப் பார்த்தார். "ஊத்துத் தோண்டுவோம். கீழ ஈரம் இருக்கும். கொடத்துக்குத் தேறிரும். ஆனா தலமுங்குறதுக்குத்தான்..." என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர், விஜய்பாண்டியின் தலையைப் பார்த்து நிறுத்தினார். "தல ஏற்கெனவே நனைஞ்சிருக்கே தம்பி. எங்கன குளிச்சிய?"

குத்தலாகக் கேட்கவில்லை. சடங்குக்குத் தெரிய வேண்டியதைத்தான் அவர் கேட்டார்.

காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை வழியாக வந்து, கண்ணாடி வழியே அப்பா முகத்தைப் பார்த்தபோது விஜய்பாண்டிக்கு அழுகை வரவில்லை. பெண்டாட்டி மஞ்சு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெக்கையில் நின்றாள். வீட்டில் ஏசி கிடையாது. மாரிராஜ் ஏற்கெனவே ரூம் போட்டு வைத்திருந்தான். "போய் ஒரு குளியப் போட்டுட்டு வாங்க மாப்ள" என்று தன் வேனிலேயே கொண்டுபோய் விட்டான். பெரிய கேட், நீளமான மதில். உள்ளே நுழையும்போதே விஜய்பாண்டிக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார்களே. ரூமுக்குப் பின்னால் ஜில்லென்று விழுந்துகொண்டிருந்தது அருவி. ஓடையில் முங்க வேண்டும் என்பதெல்லாம் மறந்து அதன் கீழே போய் நின்றான். உச்சியில் தண்ணீர் அறைந்தபோதுதான் அழுகை வந்தது. தண்ணீர் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று நெடுநேரம் வாய்விட்டு அழுதான். தலையைக்கூடத் துவட்டாமல்தான் நீர்மாலைக்குக் கிளம்பி வந்தான்.

"தம்பி?" என்றார் இசக்கிமணி.

"ரூம்ல" என்றான். பிறகு, "அங்க... அருவில" என்றான்.

எந்த அருவி என்று யாரும் கேட்கவில்லை. மாரிராஜ் மலையைப் பார்த்தான். அப்படிச் சொல்லு என்ற பெரியவர் துண்டை உதறித் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

 "அப்பச் சரி. அதுவும் இந்த ஓடத் தண்ணிதான. முங்கின கணக்குத்தான்" என்றார் இசக்கிமணி.

விஜய்பாண்டி குடத்தைப் படியில் வைத்துவிட்டு மணலில் இறங்கினான். மண்வெட்டியோடு வந்தவரை விலக்கிவிட்டு, முழங்காலிட்டுக் கையாலேயே தோண்டினான். மேல் மணல் சுட்டது. அள்ள அள்ளச் சரிந்து விழுந்தது. நகக்கண்ணில் கல் குத்தியது. ஒரு முழ ஆழத்தில் ஈரம் தட்டியது. இன்னும் தோண்டியபோது கலங்கலாக ஊறத் தொடங்கியது. வேர்வையும் தலைமுடியின் ஈரமும் சேர்ந்து அவன் மூக்கு நுனியிலிருந்து குழிக்குள் சொட்டின. அவன் சட்டென்று பின்னால் நகர்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தான்.

தெளியும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு இசக்கிமணி தேங்காய்ச் சிரட்டையைக் கொடுத்தார். கோரிக் கோரி ஊற்றியும் குடம் முக்கால்தான் நிறைந்தது. அதற்குமேல் ஊறவில்லை. குடத்தின் வாயில் மாவிலை செருகி மாலை சுற்றினார்கள். நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து வெள்ளை வேட்டியைத் தலைக்கு மேலே விரித்தார்கள். சங்கு மறுபடியும் ஊதியது. 

வீட்டில் பெட்டியைத் திறந்து அப்பாவை நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். அம்மா ஆவுடைத்தாய் கீழே விழாமல் பிடித்துக்கொள்வதுபோல அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுகந்தி சீயக்காய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றாள். விஜய்பாண்டி குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அம்மா எட்டி அவன் தலையைத் தொட்டாள். கை நனைந்தது. முந்தானையை எடுத்து அவன் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

"ஏய்யா, இப்படிச் சொட்டுதே. ஓடைலயா முங்கின?"

அவன் தலையைக் குனிந்து கொடுத்தான்.

"தண்ணி வந்துட்டாய்யா?"

சுகந்தி தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். மாரிராஜ் கூட்டத்துக்குள் பின்வாங்கினான்.  அம்மா அதற்குள் குனிந்துவிட்டாள். அப்பாவின் காதோரம் வாயை வைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஏங்க, கேட்டியளா? ஓடைல தண்ணி வந்துட்டாம். ஒங்க மவன் முங்கிட்டு வந்திருக்கான்."

பெண்கள் குலவையிட்டார்கள். "ஊத்துங்க தம்பி" என்றார் இசக்கிமணி. விஜய்பாண்டி குடத்தைத் தூக்கி அப்பாவின் தலையில் சாய்த்தான். தண்ணீர் நெற்றியில் வழிந்து, மூடிய கண்களின் மேல் வழிந்து, மார்பில் இறங்கியது. இடுப்புக்கு எட்டுவதற்குள் குடம் தீர்ந்தது. கடைசித் தண்ணீரோடு அடியில் தங்கியிருந்த மணலும் வந்து அப்பாவின் புருவத்தில் ஒட்டிக்கொண்டது.

அம்மா நிமிர்ந்து பார்ப்பதற்குள் சுகந்தி கையை நீட்டி அந்த மணலைத் துடைத்துவிட்டாள்.