இருபத்தெட்டு, முப்பத்தொன்று, முப்பத்தைந்து

சங்கையா அண்ணாச்சி எதையும் கிழித்துப் போட மாட்டார். அருப்புக்கோட்டையில் எங்கள் சங்கத்து மாடியில், மாதக் கடைசி ஞாயிறுகளில் வரன் பார்க்கும் கூட்டம் நடத்துகிறவர் அவர்தான். யாராவது படிவத்தைப் புதுப்பித்தால், புதியதைப் பழையதின் மேல் வைத்துக் குண்டூசி குத்திவிடுவார். பெண் வீட்டார் கேட்டால் கட்டோடு எடுத்துக் கொடுப்பார். இது தெரிந்த மாப்பிள்ளைகள் வயதையும் சம்பளத்தையும் மட்டும் மாற்றி, மற்றதைப் பழையபடியே எழுதுவார்கள். விற்றுப்போன நிலம்கூட அதில் விற்காமல் இருக்கும். நான் மூன்று முறையும் உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தேன்.

அன்று என் கட்டு வீரபாண்டியின் கையில் இருந்தது. பாலவனத்தத்துக்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் அவர் மகள் முத்துலட்சுமி. முப்பது வயது, விருதுநகரில் ஒரு லேப்பில் வேலை, மாதம் பத்தொன்பதாயிரம். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் நானும் அம்மாவும்.

எம்.ரெட்டியபட்டியில் பஸ் ஏறும்போதே அம்மா சொல்லிவிட்டாள்: "இத விட்டா இனி ஒனக்கு யாரும் பொண்ணு குடுக்க மாட்டாக ராசா." சங்கத்தில் ஆண்களின் படிவம் நானூறுக்கு மேல் கிடந்தது. பெண்களுடையது அறுபது இருந்தால் அதிகம்.

முத்துலட்சுமி படியேறி வந்ததும் துப்பட்டாவால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். அந்த ஒரு நொடியில், மழை பெய்து ஓய்ந்த ஒரு ஊரில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே நடந்து போவதைப் பார்த்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு ஊர் கிடையாது. ஆனாலும் பார்த்தேன்.

வீரபாண்டி ஊசியை உருவி, மூன்று தாள்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார்.

"இருபத்தெட்டு வயசு. மில்லுல சூப்பர்வைசர், சம்பளம் பதினாலாயிரம். சொந்த வீடு, நாலு ஏக்கர் மானாவாரி. கடன் இல்ல." அடுத்த தாளுக்கு விரல் போனது. "முப்பத்தொண்ணு. சம்பளம் பதினெட்டு. வீடு, நெலம் அப்படியே. சரி. முப்பத்தஞ்சு. சம்பளம் இருபத்தி மூணு. நெலம்னு போட்ட எடத்துல கோடு. வீட்டு மேல லோனு ஏழு லட்சம்."

கண்ணாடியைக் கழற்றினார். "சம்பளம் ஏறிக்கிட்டே வருது, சொத்து எறங்கிக்கிட்டே வருது. முன்வாசல்ல ஏறுனதெல்லாம் பின்வாசல்ல எறங்கிருச்சு போலயே தம்பி?"

"தங்கச்சிக்குக் கல்யாணம் முடிச்சோம்" என்றேன்.

"நல்ல காரியந்தான்" என்றபடி நடுத் தாளைப் புரட்டினார். பின்பக்கம் சங்கையா அண்ணாச்சியின் சிவப்பு மை. எந்த வரன் ஏன் தட்டிப்போனது என்று அவர் குறித்து வைப்பது எனக்குத் தெரியாது. வீரபாண்டி படித்தார். முதலில் மனதுக்குள், பிறகு சத்தமாக.

"பாலவனத்தம் வீரபாண்டி மகள். இருபது பவுன். மாப்பிள்ளை வீட்டார் முப்பது கேட்டு, பத்தாது என்று விட்டுவிட்டார்கள்." தாளை மகளிடம் நீட்டினார். "நம்மதான் முத்து. அன்னைக்கு அண்ணாச்சி போன்ல 'அவுகளுக்குப் பத்தலையாம்'னு மட்டும் சொன்னாரு. யாரு எவருன்னு நான் கேட்டுக்கல."

எனக்கும் யாரும் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அப்ப, அண்ணே" என்றாள். "இப்ப ஒத்தப் பவுனு கேக்கல நாங்க. பிள்ளைய மட்டும் அனுப்புங்க, போதும்."

"அப்பப் பவுனு முப்பத்தாறாயிரம், தங்கச்சி. இப்பத் தொண்ணூறு. நீங்க பத்தாதுன்ன அதே இருபதுதான் பீரோவுல கெடக்கு. ஷிப்டு இல்ல, ஓவர்டைம் இல்ல. அது பாட்டுக்கு வளந்திருச்சு."

பக்கத்து மேசையிலிருந்து சங்கையா அண்ணாச்சி சிரித்தார். "பேசாம பீரோவுக்கே ஒரு படிவம் போட்டுருங்கண்ணே. வரிசையில வந்து நிப்பாக."

யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. முத்துலட்சுமி தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"ஒங்க தங்கச்சிக்கு எத்தன பவுனு போட்டீக?"

"முப்பது."

"நெலத்த வித்தா?"

"ஆமா. சோலார்காரங்களுக்கு. ஏக்கர் ஒன்றரை லட்சத்துக்கு. பத்தாததுக்கு வீட்டு மேல லோனு."

"அப்ப எங்கிட்ட கேட்ட முப்பதும் ஒங்க தங்கச்சிக்குப் போடத்தான்."

"ஒரு பக்கம் வாங்குனாத்தானம்மா ஒரு பக்கம் குடுக்க முடியும்" என்றாள் அம்மா. "ஊரே அப்படித்தான செய்யுது? கொறையுற பத்துக்கு நான் எங்க போயிப் பொறட்டுவேன்?"

"பொறட்டத்தான் செஞ்சிருக்கீக. நெலத்தையும் வீட்டையும் சேத்து."

முத்துலட்சுமி என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"ஒங்களுக்கு இது தெரியாதுன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நெலம் இல்லாட்டியும் பரவாயில்ல. ரெண்டு பேரும் சம்பாதிக்கிறோம், லோன மெல்லக் கட்டிக்கிரலாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த இருபது பவுனு என்னோடது. என் பீரோவுல அப்படியே இருக்கும். லோனுக்குன்னு அதத் தொடமாட்டீகள்ல?"

வீரபாண்டி தாள்களை மடக்காமல் காத்திருந்தார். அவர் சம்மதித்துவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. ஒரே வார்த்தைதான் பாக்கி. அது நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

ஆனால் தலைக்குள் வேறொன்று ஓடத் தொடங்கியிருந்தது. இருபது பவுன், தொண்ணூறு வீதம், பதினெட்டு லட்சம். லோன் ஏழு போக, பதினொன்று. மாதம் ஒன்பதாயிரம் தவணை இல்லை. இருபத்தி மூன்றும் முழுசாகக் கைக்கு வரும். பாளையம்பட்டிப் பக்கம் மூன்று சென்ட் இடம். முப்பத்தாறாவது வயதில் ஒரு தாள், அதில் எங்கேயும் கோடு இல்லை.

நிமிர்ந்தபோது அவள் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை அசைந்திருக்க வேண்டும்.

"எவ்வளவு மிச்சம் வந்துச்சு?" என்று கேட்டாள்.

"பதினோரு லட்சம்" என்றேன்.

அவள் எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். "வாங்கப்பா. பஸ்ஸு போயிரும்."

வீரபாண்டி மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரம் தட்டிச் சரிசெய்து, என் பக்கம் நகர்த்திவிட்டு மகளின் பின்னால் போனார். அவர்கள் படியிறங்கி முடிக்கும்வரை அம்மா பொறுத்திருந்தாள்.

"தொடமாட்டேன்னு சொல்லித் தொலஞ்சா என்னடா ஒனக்கு?" என்றாள். "தாலி ஏறுன பெறகு தொட்டா யாரு வந்து கேக்கப் போறா?"