கூரையிலிருந்து ஒரு குரல்

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எங்கள் பழைய ஒலிநாடாக்களையெல்லாம் ஒரு பென்டிரைவில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். எண்பத்தாறில் சீனாவின் ஷான்சி மலைக்கிராமங்களில் வட்டாரப் பேச்சு ஆராய்ச்சிக்காக நானும் ஹுவாய்மினும் பதிவு செய்தவை. என் வீட்டுக்காரர் ஹுவாய்மின் போய்ச் சேர்ந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. புகைப்படம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, குரல்தான் இல்லை. அவன் பேசிய ஒரே ஒரு வாக்கியம் கிடைத்தால் போதும் எனக்கு.

எட்டு நாடாக்களைக் கேட்டு முடித்தேன். கிழவர்கள் பேசுகிறார்கள், கோழி கொக்கரிக்கிறது, அவன் மட்டும் இல்லை. எப்படி இருப்பான்? வெட்டியவளே நான்தானே! மாதத்துக்குப் பன்னிரண்டு நாடாதான் தருவார்கள். கேள்வி கேட்பவர் குரல் எதற்கு வீணாக என்று ஊர்க்காரர்களின் பதிலை மட்டும் வேறு நாடாவுக்கு மாற்றிவிட்டு, மூலத்தின் மேலேயே மறுநாள் பதிவு செய்வோம். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை. பாவி, என் கையாலேயே அவனைத் துடைத்துப் போட்டேன்.

அவனுக்கு வா, போ, ஏறு, இறங்கு என்ற நாலு சொற்கள்மேல் பைத்தியம். எங்கள் பழைய நூல்களில் ஓர் ஊரின் பெயரோடு 'போ' வந்தால் அந்த ஊரை விட்டுப் போனான் என்று அர்த்தம். இன்றைக்கு அதே சொல்லுக்கு அந்த ஊருக்குப் போனான் என்று அர்த்தம். 'எழுந்து வா' என்பது இன்னொரு வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு 'ஆரம்பி' ஆகிவிட்டது. 'இறங்கிப் போ' அதேபோல 'விடாமல் செய்' ஆகிவிட்டது. இந்த மாற்றத்தின் நடுப்படிகள் மலையூர்ப் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கும் என்பது அவன் கட்சி.

ஆனால் கருவியைக் கண்டதும் ஊர்க்காரர்கள் வானொலிச் செய்தி மாதிரிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் ஏறி இறங்கி நடித்துக் காட்டித்தான் சொல் வாங்குவோம். அன்றைக்கு டோஃபு விற்கும் காவ் அத்தையின் கூரைமேல் அவன் ஏறி நின்றான்.

"அத்தை, இப்ப என்னைக் கூப்பிடணும்னா எப்படிக் கூப்பிடுவீங்க?"

"உன்னை எதுக்குய்யா நான் கூப்பிடணும்? அங்கேயே கெட. ஓடு ஒடைஞ்சா மட்டும் சொல்லு!"

சொல்லிவிட்டு அத்தை ஏணியைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டாள்.

அவனுக்கோ உயரம் என்றால் குலை நடுங்கும். அதுவரை என்னைக் குடும்பப் பெயரால் 'தோழர் ஷியாங்' என்றுதான் மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அன்று முதல்முறையாகப் பெயரைச் சொல்லி அலறினான். நான் ஓடிப்போய் அத்தையிடம் மல்லுக்கட்டி ஏணியை வாங்கி வந்தேன். அடுத்த வசந்தத்தில் எங்களுக்குக் கல்யாணம்.

அந்த அலறலையாவது விட்டு வைத்தேனா? அது ஊர்க்காரர் பேச்சு இல்லையே! அதையும் வெட்டினேன்.

மிச்சம் இருந்தது ஒன்பதாம் நாடா. அவன் கூரை ஏறியதற்கு மறுநாள் பதிவு செய்தது. கருவி ஓடுவதையே மறந்து காவ் அத்தை பக்கத்து வீட்டுக்காரியிடம் கதை அளந்துகொண்டிருந்தாள்.

"ஏறத் தெரிஞ்சவனுக்கு எறங்கத் தெரியலடீ. முழி பிதுங்குது! எப்படிக் கத்துனான் தெரியுமா? க்கும்... க்கும்... சூயூ...ன்! சூயூ...ன்! ஏணியக் கொண்டா, நான் எறங்கி வரணும்! ஏன்டி, அவன் ஏணியக் கேட்டானா, இல்ல அவளக் கேட்டானா?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான் ஆடிப்போய்விட்டேன். வாயைத் திறக்குமுன் இரண்டு தடவை செருமுவான். என் பெயரின் கடைசியை இழுப்பான். கூடவே குடித்தனம் நடத்தியவள், இரண்டையும் சுத்தமாக மறந்திருந்தேன். அந்த டோஃபுக்காரி அப்படியே பிடித்து வைத்திருக்கிறாள், மகராசி.

"இதை மட்டும் ஏன் வெட்டாம வச்ச?" என்று அப்போது அவன் கேட்டது ஞாபகம் வந்தது.

"ஒரே மூச்சுல எத்தனை ஏறு, எறங்கு, வா! உன் ஆராய்ச்சிக்கு ஆகுமேன்னுதான்" என்றேன். பச்சைப் பொய்.

மறுபடி ஓடவிட்டேன். க்கும், க்கும், சூயூன்.

"இரு, இரு, இதோ கொண்டு வரேன்" என்று எழுந்தே விட்டேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அழுகை வந்தது.