எழுதிக் கொடுத்த மறுப்பு

இரண்டு அணிகளின் பேச்சையும் எட்டாம் வகுப்பு ஆசிரியையே எழுதினார். வீட்டுப்பாடம் தேவை என்ற அணிக்கு நீல மை, தேவையில்லை என்ற அணிக்குக் கறுப்பு மை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கையை உயர்த்த வேண்டும் என்று ஓரத்தில் குறித்திருந்தார். நீலம் ஜெயிக்க வேண்டும் என்பதும் முன்பே முடிவாகியிருந்தது.

"ஒரு வார்த்தை மாறுச்சு, தோலை உரிச்சிடுவேன்."

பிள்ளைகள் ஒரு வாரம் உருப்போட்டார்கள்.

விவாதத்தன்று கல்வி அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்தார். நீல அணிப் பையன் பயத்தில் இரண்டாவது பத்தியை விழுங்கிவிட்டு அமர்ந்தான். அடுத்து, கறுப்பு அணியில் லேத் பட்டறைக்காரரின் மகள் எழுந்தாள்.

"வீட்டுப்பாடம் இல்லையென்றால் பிள்ளைகள் தெருவில் திரிவார்கள் என்றாரே எதிரணி நண்பர், அதை வன்மையாக மறுக்கிறேன்!"

கையையும் உயர்த்தினாள்.

"இரும்மா," என்றார் அதிகாரி. "அந்தத் தம்பி அப்படிச் சொல்லவே இல்லையே?"

"சொல்லல சார்."

"அப்புறம் எதை மறுக்குற?"

"அவன் சொல்லுவான்னு எழுதியிருந்துச்சு சார்."

"யாரு எழுதுனது?"

"டீச்சர்."

கூடமே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை தலைமையாசிரியர் அறையில் பட்டறைக்காரர் மகளோடு நின்றார். விரல் இடுக்குகளில் கறுப்பு எண்ணெய். நாற்காலி காலியாக இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"உங்க பொண்ணு பள்ளிக்கூடத்து மானத்தையே வாங்கிட்டா," என்றார் தலைமையாசிரியர்.

பட்டறைக்காரர் மகள் பக்கம் திரும்பினார். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி?"

"கேட்டாருப்பா. சொன்னேன்."

கை ஓங்கினார். பள்ளிக்கூடம் என்று உறைக்க, அடிக்காமல் இறக்கிக்கொண்டார்.

ஆசிரியை ஒரு தாளை மேசையில் தள்ளினார். மன்னிப்புக் கடிதம். அதையும் அவரே எழுதியிருந்தார். "இதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லன்னா டி.சி.தான்."

அவள் படித்தாள். "அதிகாரிகிட்ட பொய் சொன்னேன்னு இருக்கே. எது பொய் டீச்சர்?"

"எதிர்த்துப் பேசாத. எழுது."

"நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? இல்லன்னு சொல்லுங்க, இப்பவே எழுதுறேன்."

ஆசிரியை தாளின் ஓரத்தை நீவினார். தலைமையாசிரியர் மின்விசிறியைப் பார்த்தார்.

"எது பொய்னு கேக்குறா. சொல்லுங்க," என்றார் பட்டறைக்காரர்.

"பாருங்க, எல்லாம் நீங்க குடுக்குற செல்லம்!" என்றார் தலைமையாசிரியர்.

"செல்லமா? வாயைத் தொறந்தா நானும்தான் சார் அறையுறேன். ஆனா இப்ப அவ கேட்டதுல என்ன தப்பு?"

தலைமையாசிரியர் மேசையைத் தட்டினார். "கையெழுத்துப் போடச் சொல்லுங்கய்யா!"

ஆசிரியை தாளை இழுத்து நான்காய்க் கிழித்தார். "வேண்டாம். அவ வகுப்புக்குப் போகட்டும்."

"என்ன டீச்சர் விளையாடுறீங்களா? அதிகாரி விளக்கம் கேட்டா உங்களைத்தான் கை காட்டுவேன்."

"காட்டுங்க. ஒரு வாரம் தொண்டை கிழியச் சொல்லிக் குடுத்தேன். இந்த மாதிரி ஒரு கேள்வியை ஒருத்தரும் கேக்கல. கேக்க நான் விடல. ஒப்பிக்க வச்சுட்டு விவாதம்னு பேர் வச்சேன். பிள்ளைங்களை யோசிக்க விடாம பேச மட்டும் கத்துக்குடுக்க முடியாது சார்."