அக்கரை நாணல்

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்குக் கட்டடங்கள் எழும்பிய வருஷங்களில் ஆரணியாற்றங்கரை மண்ணுக்கு ஏகக் கிராக்கி. துளசிராமனும் தன் நிலத்தோரக் கரையைச் செங்கல் சூளைக்கு விற்று மொட்டையடித்தார். அப்புறம் சர்க்காரே, கரையோரப் பட்டாதாரர்கள் நாணல் நட்டுக் கரையைக் காத்தால் மானியம் என்றது. முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். ஆசை யாரை விட்டது!

லாரியில் வந்த நாணல் தூறெல்லாம் வெயிலில் கருகிப்போயின. அதிகாரி பார்வையிட வரும் நாளோ நெருங்கிவிட்டது. எதிர்க்கரையில் கலியன் நிலத்தோரம் நாணல் ஆளுயரம் நின்றது. கலியன் காலை ரயிலில் பேட்டைக்குக் கட்டட வேலைக்குப் போகிறவன். அவன் மனைவி முத்தம்மாள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போயிருந்தாள். துளசிராமன் முழங்கால் தண்ணீரைத் தாண்டிப் போய், அத்தனையையும் வேரோடு பெயர்த்துவந்து தன் கரையில் நட்டார்.

"பன்னி தோண்டிப் போட்டுச்சுண்ணா" என்று கலியன் அவரிடமே வந்து புலம்பினான்.

"ஆமாப்பா, பன்னியால பெரிய பேஜாரு" என்றார். வாய் கூசவில்லை அந்த மனுஷனுக்கு.

ஐப்பசி வெள்ளத்தில் துளசிராமன் கரை அசையவில்லை. கலியன் கரை சரிந்து, பால்பிடித்த நெல்லோடு பாதி நிலத்தை ஆறு கொண்டுபோயிற்று. அதிகாரி ஊராரைக் கூட்டிவந்து, "நட்டா இவர் மாதிரி நடணும்" என்றார். பலமாகக் கைதட்டியவன் கலியன்தான். துளசிராமனுக்கு நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தது போலிருந்தது.

மறுநாள் கலியன் ஒரு சேவலோடு வந்தான்.

"மீதி நிலத்தையாவது காப்பாத்தணும்ணா. உன் நாணல்ல கொஞ்சம் தூறு குடு. சும்மா வாணாம், இத வச்சுக்க. வெள்ளத்துல தப்பினது இதான்."

துளசிராமன் தூறு பெயர்த்துக் கட்டினார். சேவலை வாங்கக் கை நீளவில்லை. வாங்கி அனுப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல அவமானமாக இருந்தது.

"கலியா, இது என்னுது இல்லடா. உன் கரையிலேந்து நான்தான் புடுங்கினு வந்தேன். பன்னியும் வரல, ஒண்ணும் வரல."

கலியன் அடித்திருந்தால்கூடத் தேவலை. சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாணல் கட்டை அவர் பக்கம் காலால் தள்ளினான்.

"தூக்குய்யா. நீயே வந்து நடு. முத்தம்மா புள்ளையோட திரும்பி வந்துட்டா; இன்னாத்துக்கு நீ நடுறன்னு கேப்பா. அவகிட்ட நீயே சொல்லு."

இத்தனை வருஷமாக அவன் வாயிலிருந்த 'அண்ணா' போயே போய்விட்டது. துளசிராமன் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வெள்ளம் வடிந்த ஆற்றில் அவன் பின்னாலேயே இறங்கினார்.

"ஐயையோ, நீங்க ஏன் மாமா சுமந்துகினு வரீங்க? இறக்குங்க!" என்று பதறியபடி, கைக்குழந்தையோடு அக்கரையில் எதிரே ஓடிவந்தாள் முத்தம்மாள்.