இது யார் மடித்தது?

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. பத்திரிகைக்காரர் கேட்டது அதைத்தான். "இத்தாலியில இத்தனை வருஷமா இருக்கீங்க, பாஸ்தாவுல என்னென்ன வடிவம் இருக்குன்னு எழுதிக் குடுங்களேன்." நானும் உற்சாகமாக உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

பாஸ்தாவின் வடிவங்களுக்குக் கணக்கே இல்லை. நூல், குழல், சங்கு, காது, வண்ணத்துப்பூச்சி, காய்ச்சல்காரர்களுக்கென்று குட்டி நட்சத்திரம், இன்னும்

இன்னும் என்ன? அதற்கு மேல் நகரவில்லை. இரண்டாவது தொடக்கம் கொஞ்சம் பரவாயில்லை:

எந்தக் குழம்புக்கு எந்த வடிவம் என்பதில் இங்கே சமரசமே கிடையாது. நூல் பாஸ்தாவை இறைச்சிக் குழம்போடு பரிமாறிப் பாருங்கள், மோதெனா பக்கத்தில் நிச்சயித்த கல்யாணமே நின்றுவிடும்.

இதை விட்டுவிட மனசில்லை, அதனால் இங்கேயே இருக்கட்டும். ஆனால் எந்த வடிவத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தாலும் ஒரு மரத்தட்டு கண் முன்னால் வந்து நின்றது. மாதா கோவில் கூடத்தில், வியாழக்கிழமை காலை, இர்மாவின் முன்னால் இருந்த தட்டு. கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். பத்திரிகைக்காரர் மன்னிக்கட்டும்.

2

அந்தத் தட்டில் இருந்தது தொர்தெல்லினி. சின்ன மாவுச் சதுரத்தின் நடுவில் கடலையளவு இறைச்சிப் பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, விரலில் சுற்றி, இரண்டு முனைகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். கோழிச்சாற்றில் வெந்து வரும். ஒரு கரண்டியில் ஏழு நிற்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். (எங்கள் ஊர் என்று எழுதிவிட்டேன். பத்தொன்பது வருடமாகிறது, எழுதலாம்.)

மாதா திருநாள் விருந்துக்காக நவம்பரிலிருந்தே வியாழக்கிழமைகளில் கூடுவோம். எங்கள் மேசையில் நான்கு பேர். லொரெதானா மாவை விரிப்பாள், இவோன் சதுரம் வெட்டுவாள், பிறகு இர்மாவும் நானும் சேர்ந்துகொள்ள நால்வருமாக மடிப்போம். ஒவ்வொருத்திக்கும் ஒரு கை உண்டு. இவோன் மடித்தது நிமிர்ந்து நிற்கும். லொரெதானாவுடையது அவளைப் போலவே கொஞ்சம் குண்டு. என்னுடையது இடப்பக்கம் சாயும்.* இர்மாவுடையது எல்லாவற்றிலும் சின்னது, இறுக்கமானது. வெந்து தட்டில் வந்த பிறகும் இது இன்னார் மடித்தது என்று இர்மா சொல்லிவிடுவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

* நான் இடதுகைக்காரி. கதைக்கு இது தேவையில்லை, ஆனால் சாய்வுக்குக் காரணம் கேட்பீர்கள்.

இர்மாவை எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் வரைவில் அவளைச் சாந்தமானவளாக எழுதினேன். படித்துப் பார்த்தால் யாரோ முன்பின் தெரியாத ஒருத்தி. அடித்துவிட்டேன். அசல் இர்மாவுக்கு அறுபத்து நான்கு வயது. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவள், வாய் ஓயாதவள். பாதிரியாரிடமே, "பிரசங்கத்தச் சட்டுனு முடிங்க சாமி, சாறு ஆறிடும்" என்பாள். என்னை முதன்முதலாக அந்தக் கூடத்தில் பார்த்தபோது, "குளிர் காய வந்தியா, வேலைக்கு வந்தியா?" என்று கேட்டு, நான் பதிலுக்குச் சொல் தேடுவதற்குள் ஏப்ரனை என் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

3

போன வியாழக்கிழமை, ருசி பார்க்க எல்லாத் தட்டுகளிலிருந்தும் கொஞ்சம் அள்ளிச் சாற்றில் போட்டோம். நாலைந்து வாயைப் பிளந்துவிட்டன. பூரணம் மிதந்தது, சாறு கலங்கிவிட்டது. இந்த ஊரில் அதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது.

இர்மா ஒன்றைக் கரண்டியில் எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"யாருடி மடிச்சது இது? கையால மடிச்சீங்களா, காலால மடிச்சீங்களா?"

எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். இர்மாவின் வலது கை கோடையிலிருந்தே நடுங்குகிறது. முனைகள் ஒட்டுவதற்குள் விரல் நழுவிவிடுகிறது. ஊரில் எல்லோருடைய கையையும் கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் கை தெரியவில்லை.

(இந்த இடத்தில் உருக்கமாக இரண்டு வரி எழுதியிருந்தேன். இர்மா கேட்டால் காறித் துப்புவாள் என்று எடுத்துவிட்டேன்.)

"என்னோடதுதான் இர்மா" என்றேன்.

"உன்னோடதா?" மேலும் கீழும் பார்த்தாள். "பத்தொம்பது வருஷமாச்சு, இன்னும் உனக்கு இது வரல. நல்லா இருக்கு! போ, போய்க் காபி போட்டு எடுத்துட்டு வா."

அடுப்படிக்கு லொரெதானாவும் கூடவே வந்தாள். வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் நின்றது.

"என்னடி?"

"அவ உன்னக் காபிக்கு அனுப்பினா என்ன அர்த்தம்னு இன்னுமா தெரியல?"

"என் காபி அவளுக்குப் பிடிக்கும்."

"உன் காபியா! கழுநீர் மாதிரி இருக்கும். நீ வந்த புதுசுல மடிச்சதெல்லாம் சாறுல போட்டதும் பிரிஞ்சிடும். தெரிஞ்சா நீ வெக்கப்பட்டு வராமப் போயிடுவேன்னு, வியாழக்கிழம வியாழக்கிழம உன்னக் காபி போட அனுப்பிட்டு உன் தட்டு பூரா அவ திரும்ப மடிப்பா. மூணு வருஷம். எங்ககிட்ட சத்தியம் வேற வாங்கியிருந்தா."

மூன்று வருடம். மொழி தெரியாமல் வந்து இறங்கிய எனக்கு அந்த மேசைதான் ஊர். வசு (நான்தான்) மடித்தது ஒன்றுகூடப் பிரியவில்லை என்று திருநாளன்று பாதிரியார் சொன்னதை அம்மாவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டவள் நான். அடுப்படியில் நின்று அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கம் கொஞ்சம், நன்றி நிறைய. என் வாழ்க்கையில் யாரும் எனக்காக இத்தனை நாள், இத்தனை ரகசியமாக, எதையும் செய்ததில்லை.

காபியோடு திரும்பினால், இர்மா என் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தாள். நன்றாக மூடியிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுங்கும் விரலால் மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. எதிரே இவோன் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் இர்மா தட்டைச் சட்டென்று தள்ளினாள்.

"சும்மா எண்ணிட்டிருந்தேன்."

"காபி ஆறுது இர்மா" என்றேன்.

4

கதையை முடிக்க எனக்கு மூன்று வழிகள் தெரிந்தன.

ஒன்று: இர்மா வீட்டுக்குப் போனதும் நாங்கள் மூவரும் எல்லாவற்றையும் திரும்ப மடித்துவிடுகிறோம். விருந்து நல்லபடியாக நடக்கிறது. அழகான முடிவு, கண்ணீர் நிச்சயம். ஆனால் அவள் எனக்குச் செய்தபோது என் கை மாதத்துக்கு மாதம் தேறிக்கொண்டிருந்தது. அவள் கைக்கு மருத்துவர் வேண்டும். நாங்கள் மூடி மறைக்க மறைக்க அவள் மருத்துவரிடம் போகமாட்டாள். நன்றி என்ற பேரில் அவளைக் கெடுத்தவர்களாவோம்.

இரண்டு: அவளை மல்தல்யாத்தி வெட்டச் சொல்லலாம். மிஞ்சிய மாவைக் கோணல்மாணலாக வெட்டி அவரைச்சாற்றில் போடும் வகை அது. எப்படி வெட்டினாலும் குற்றமில்லை. அத்தனை வடிவங்களிலும் நல்ல மனசுள்ளது அதுதான் என்று கட்டுரையில் எழுத நினைத்திருந்தேன். ஆனால் இர்மாவிடம் அதை யார் சொல்வது? லொரெதானாவைக் கேட்டேன்.

"நீயே சொல்லு. அடி விழுந்தா மருந்து நான் போட்டு விடறேன்."

மூன்று: இர்மாவே தெரிந்துகொள்கிறாள். ஒரு நாள் தனியாக வீட்டில்

[போன் அடித்தது.]

5

இர்மாதான்.

"நாளைக்கு எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி, எட்டு மணிக்குக் கூடத்துக்கு வா. தனியா."

"எதுக்கு?"

"நேத்து வீட்டுல அம்பது மடிச்சேன். நான் மட்டும். பாதியச் சாறுல போட்டேன். மீதிய எடுத்துட்டு வரேன். உன் உள்ளங்கையில ஒண்ண வெப்பேன். யார் மடிச்சதுன்னு நீ சொல்லணும்."

"லொரெதானாவ..."

"அவ சமாளிப்பா. இவோன் அழுவா. அன்னிக்கு என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னவ நீதான? உண்மையையும் நீயே சொல்லு."

வைத்துவிட்டாள். விடை பெறும் பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

6

வியாழக்கிழமை காலை, ஏழே முக்கால். வெளியே பனிமூட்டம். கோட்டை மாட்டிக்கொண்டு நின்றபடியே இதை எழுதுகிறேன்.

என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். இந்த இடத்தில் எழுதியும் பார்த்தேன், நன்றாகவே வந்திருந்தது. பிறகு அடித்துவிட்டேன். உங்களிடம் இவ்வளவு நேரம் இத்தனை தாராளமாகப் பேசியதற்குக் காரணம் இந்த ஊரில் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்ற தைரியம்தான். அவள் கை நடுங்குவது லொரெதானாவுக்குத் தெரியும், இவோனுக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். எல்லோருக்கும் பின்னால்தான் அவளுக்குத் தெரிய வந்திருக்கிறது.

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்து, வேண்டுமானால் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் பதிலை இர்மா முதலில் கேட்கட்டும்.