மெதுவாக ஊற்றிய தண்ணீர்

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. மலாவி நாட்டில், டெட்சா மலையடிவாரத்தில், எட்டாம் வகுப்போடு முடியும் தொடக்கப்பள்ளி ஒன்றில் சிறுமியரைத் தலைவியராக்கும் பயிற்சி நடந்தது. அப்பள்ளிச் சிறுமியர் மன்றத்தின் தலைவியோ அதில் உட்கார வைக்கப்படவில்லை, அடுப்படியில் நிறுத்தப்பட்டாள். இது அநீதி.

நிறுத்தியவர் மன்றப் பொறுப்பாசிரியை ஃபாய்னஸ் கலிண்டே. அவருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. பட்டணத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கோழியடித்து, சோளக் களி கிண்டிப் போடாமல் அனுப்பினால் ஊருக்கே இழுக்கு. சமைக்க ஒப்புக்கொண்டிருந்த தாய்மாரெல்லாம் பக்கத்துத் தெருவில் விழுந்த சாவுக்குப் போய்விட்டனர். சொன்ன வேலையைச் சொன்னபடி முடிப்பவள் மன்றத் தலைவியான எட்டாம் வகுப்பு எனெலேசிதான். களியை இறக்கியதும் உள்ளே வந்துவிடு என்று கலிண்டே அவளை அனுப்பினார். அவளும் மறுபேச்சின்றி வாளியோடு அடிகுழாய்க்கு நடந்தாள்.

அன்று மாலை, பயிற்சியில் உட்கார்ந்தவர்களில் ஒரே ஒரு சிறுமி தேர்ந்தெடுக்கப்படுவாள்; உறைவிடப் பள்ளியில் அவளுக்கு இடமும் முழுச் செலவும் கிடைக்கும். இது கலிண்டேவுக்குத் தெரியும். எனெலேசிக்கும் தெரியும். சாலையோரத்தில் உருளைக்கிழங்கு விற்கும் அவள் தாயால் அப்படிப்பட்ட படிப்பை நினைத்தும் பார்க்க முடியாது.

மார்ச் அங்கே மழைக்காலம்; ஈர விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. உள்ளே பயிற்சியாளர் அம்மையார், தலைநிமிர்ந்து நில்லுங்கள், எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்று கற்பித்துக்கொண்டிருந்தார். நன்றாகவே கற்பித்தார்.

நண்பகலில் எனெலேசி குவளையும் வட்டிலுமாக உள்ளே வந்தாள். வழக்கப்படி விருந்தினர்முன் முழந்தாளிட்டு, தலைகுனிந்து, கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள். பயிற்சியாளர் அவளை உற்றுப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு எட்டாவது படிக்கிற வயசாத் தெரியுதே. மன்றத்துல இல்லையா?"

பாட வேளையில் மாணவியைச் சமைக்க விட்டது வெளியே தெரிந்தால் தமக்குக் கேடு என்று தலைமையாசிரியர் சிசாலே அஞ்சினார் போலும். முந்திக்கொண்டார்.

"அது சமையலுக்கு வந்த புள்ளைங்க. எங்க கலிண்டே மேடம் கைப்பக்குவத்த நம்புனா நீங்க பட்டினியாத்தான் வீட்டுக்குப் போவணும்."

எல்லாரும் சிரித்தார்கள். கலிண்டேவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தம் கைகளை நீட்டினார். தண்ணீர் விழுந்தது.

மாலையில் ததாலா என்ற சிறுமி தேர்வானாள். கெட்டிக்காரிதான், அவள்மேல் பழியில்லை.

கலிண்டே கொல்லைப்புறம் போனபோது எனெலேசி மணல்போட்டுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விறகு ஈரமாக இருந்ததை, நேரம் போனதே தெரியாததை, அடுத்த ஆண்டு இன்னொரு வாய்ப்பு வரும் என்பதை எல்லாம் கலிண்டே சொன்னார். அடுத்த ஆண்டு அவள் இப்பள்ளியில் இருக்கமாட்டாள் என்பது சொல்லும்போதே அவருக்கு உறைத்தது.

"உங்க கைக்கு மட்டும் ரொம்ப மெதுவா ஊத்துனேன், மேடம்" என்றாள் எனெலேசி. "எம் பேரச் சொல்ல உங்களுக்கு நேரம் இருக்கட்டும்னு."

குரலில் கோபம் இல்லை. அதுதான் சுட்டது.

திங்கட்கிழமை கலிண்டே மாவட்டத் தலைநகருக்குப் போய்ப் பயிற்சியாளரிடம் உண்மையைச் சொன்னார். அம்மையார் பெயர்ப்பட்டியலை எடுத்து அவர்முன் வைத்தார்.

"ததாலா பேரு மேல போயிருச்சு. அவகிட்டருந்து பிடுங்கி இவளுக்குக் குடுக்கச் சொல்றீங்களா?"

அப்படிக் கேட்காமலே கலிண்டே ஊர் திரும்பினார்.

இப்போது எனெலேசி தாயோடு சாலையோரத்தில் கிழங்கு விற்கிறாள். பேருந்து அங்கே நிற்கும்போதெல்லாம் கலிண்டே மறுபக்கத்துச் சன்னலைப் பார்க்கிறார். அவள் வணக்கம் சொல்லத் தவறுவதில்லை. அது அவர் காதில் விழாமலும் இருப்பதில்லை.

வாசகரே, சிறுமியர் முன்னேற்றத்துக்கென்று கூட்டப்படும் கூட்டத்துக்கு நீங்கள் விருந்தினராகப் போனால், உங்களுக்குப் பரிமாறும் சிறுமியின் பெயரைக் கேளுங்கள். எந்த வகுப்பு என்று கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்லும் விடையை ஏற்காதீர்கள். அவள் தன் வாயால் சொல்லும்வரை சோற்றில் கைவைக்காதீர்கள்.