சுருட்டுப்பெட்டி மகாலட்சுமி

1

முதலில் ஓர் ஒப்புதல். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. சத்தியவேடு பேருந்து நிலையத்தில் சும்மா கிடைத்தது. சென்னை வண்டிக்குக் காத்திருந்தேன். எதிர்ப் பெஞ்சில் ஒருவர் காலி பிஸ்கட் டின்னைக் காதோரம் வைத்து, தர்ப்பூசணி வாங்குகிறவர் போலத் தட்டித் தட்டிக் கேட்டார். முகம் சுளித்தார். பையிலிருந்து வேறொரு டப்பாவை எடுத்துத் தட்டினார். அதற்கும் சுளித்தார். அவருக்குப் பத்து விரலும் ஒழுங்காக இருந்தன. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் நான் ஒரு காரியம் செய்யப்போகிறேன்.

ஏன் தட்டுகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும், கதை கெட்டிருக்கும். வாயை மூடிக்கொண்டு வண்டி ஏறிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘ஆரணியாற்றின் மேல் மாலைச் சூரியன் தன் பொற்கதிர்களை…’ [அடித்தாயிற்று. பக்கத்தை நிரப்பவே சூரியனைக் கூப்பிட்டேன். அதற்கு வேறு வேலை இருக்கிறது.]

இரண்டாம் தொடக்கம்: ‘கிதார் என்பது உண்மையில் காற்றை அடைத்துவைக்கும் ஒரு…’ [‘என்பது’ என்று ஆரம்பிக்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.]

மூன்றாம் தொடக்கம்: தனசேகருக்கு ஒரு சுருட்டுப்பெட்டி வேண்டியிருந்தது.

இது இருக்கட்டும்.

3

தனசேகருக்கு நாற்பத்து மூன்று வயது. ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டினான். முகூர்த்த நாட்களில் நகரி, புத்தூர்ப் பக்கத்துக் கல்யாணங்களில் மெல்லிசைக் குழுவோடு கிதார் வாசித்தான். பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையைவிட்டு நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு வாசிப்பான்.

இரண்டு வரைவுகள் வரை அவனுக்கும் பத்து விரல்தான். கடையில் நல்ல கிதார் கிடைக்கும்போது இவன் ஏன் பெட்டி தேடி அலைகிறான் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மூன்றாம் வரைவில் பிரஸ் மெஷினை அவன் இடது கையின் மேல் இறக்கினேன். மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. [கதைக்குக் காரணம் வேண்டும் என்பதற்காக ஒருவன் கையை நசுக்கலாம். எழுதுகிறவன் மேல் எந்த ஸ்டேஷனிலும் வழக்குப் போடமாட்டார்கள். ஆனாலும் அந்தப் பக்கத்தை நான் திரும்பப் படிப்பதில்லை.]

அதன்பின் இரண்டு வருடம் கிதார் ஆணியில் தொங்கியது. தந்திகளை அழுத்த விரல் போதவில்லை. ஒருநாள் செல்போனில் எந்த நாட்டுக்காரனோ ஒருவன், சுருட்டுப்பெட்டியில் கட்டையைச் செருகி, மூன்றே தந்தி கட்டி, விரலில் மாட்டிய கண்ணாடி பாட்டில் கழுத்தை அதன்மேல் வழுக்கவிட்டு வாசிப்பதைப் பார்த்தான். அழுத்தவே வேண்டாம், நடுவிரல் ஒன்று இருந்தால் போதும். தனசேகர் அழுதான். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, விசும்பி விசும்பி அழுதான். மறுநாளே கட்டையை இழைத்தான், தந்தி வாங்கினான், பாட்டில் கழுத்தை அறுத்துத் தேய்த்தான். பெட்டிதான் பாக்கி.

4

சுருட்டுப்பெட்டி* தேடித் திருப்பதிக்குப் போனான். பழைய சாமான் கடை ஜமீலா தமிழையும் தெலுங்கையும் ஒரே தட்டில் போட்டுப் பிசைந்து பேசுகிறவள்.

“சுருட்டுக்குப் பொட்டியா? புடிக்கிறவனுக்கே கடைசில பொட்டிதானே அன்னா! டீ டப்பா உந்தி, சூடு.” பார்க்கச் சொல்லி ஒன்றை நீட்டினாள்.

டீ டப்பா தகரச் சத்தம் போட்டது. பிளைவுட் மிட்டாய்ப் பெட்டி தட்டினால் தலையணைபோல வாயை மூடிக்கொண்டது. ஜமீலா குரலைத் தணித்தாள்.

“செம்மரத்துல ஒண்ணு உந்தி. சவுண்டு பாகா வஸ்துந்தி, நல்லா வரும்.”

“கூடவே போலீசும் வருவாங்களே?”

“அது ஃப்ரீ அன்னா.”

வெறுங்கையோடு வண்டி ஏறினான்.

[* நம் பக்கத்துச் சுருட்டு காகிதக் கட்டில்தான் வரும். பெட்டியில் வருவது வெளிநாட்டுச் சுருட்டு. அந்தப் பெட்டியின் மூடி மெல்லிய மரம், தட்டினால் பேசும். இதைக் கதைக்குள்ளேயே சொல்லியிருக்கலாம், சோம்பல்.]

5

பெட்டி எங்கே இருக்கிறதென்று தனசேகருக்குத் தெரியும். திருப்பதிக்குப் போனது அதைத் தொடாமல் தப்பிக்கத்தான்.

விபத்துக்கு மூன்று வாரம் முன்பு, ஊர் திரும்பிய வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் அவனுக்கு ஒரு பெட்டிச் சுருட்டு கொடுத்தார். சுருட்டைக் கேட் காவலாளிகளுக்குப் பங்கிட்டுவிட்டுப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். மூடி முழுக்க ஒரு பெண்ணின் படம்: சிவப்பு அங்கி, தலையில் கிரீடம், காலடியில் பொற்காசுகள். மனைவி பிரமிளா பார்த்த மாத்திரத்தில் மகாலட்சுமி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெட்டி பூஜை அலமாரியில் ஏறியது. ஏழுமலையான் படத்துக்குப் பக்கத்தில், நெற்றியில் குங்குமத்தோடு.

அது சாமியில்லை, சுருட்டுப்பெட்டி என்று அன்றைக்கே அவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறகு விபத்து. ஆஸ்பத்திரியில் நடுவிரலும் கறுத்துக்கொண்டு வந்தது, வெள்ளிக்கிழமைக்குள் தேறாவிட்டால் அதையும் எடுத்துவிடுவோம் என்றார்கள். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த பிரமிளா அந்தப் பெட்டிமுன் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வெள்ளிக்கிழமை விரலில் மறுபடி ரத்த ஓட்டம் வந்தது. அப்புறம் எந்த வாயால் சொல்வான்?

இப்போது பாட்டில் கழுத்தை மாட்டவேண்டியது அதே நடுவிரலில். அவள் பால் வாங்கப் போயிருந்தபோது ஒரேயொரு தடவை மூடியைத் தட்டிப் பார்த்தான். ‘ம்’ என்றது. அப்படியொரு ‘ம்’மை அவன் எந்தக் கடையிலும் கேட்டதில்லை. அடிப்பக்கம் கனத்த பலகை, சத்தம் செத்தது. சத்தம் வெளியே வரத் துளையிட்டால் மூடியில்தான் இடவேண்டும். மூடியில் எங்கே இட்டாலும் அந்த அம்மாள் மேல்தான்.

6

“பிரமிளா, அந்தப் பொட்டி… சாமிப் பொட்டி இல்ல.”

“தெரியும்.” அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“சுருட்டுப் பொட்டி.”

“தெரியும்யா. எங்க நைனா சாவுற வரிக்கும் சுருட்டு புடிச்சிக்கினு இருந்தாரு. எனக்கா அந்த வாடை தெரியாது? அத்த மறைக்கத்தான் தெனம் சாம்பிராணி போடறேன்.”

[இது என் திட்டத்திலேயே இல்லை. ஏமாந்த பெண்ணாக எழுதிக்கொண்டு வந்தேன். ஏமாந்தது யாரென்று இப்போது தெரிகிறது.]

“தெரிஞ்சுமா கும்புட்ட?”

“வேற யாராண்ட போவேன்? ஏழுமலையானாண்ட போனா கம்பார்ட்மெண்ட்ல உக்காத்தி வெக்கிறாங்க. எனக்கு முன்னாடி லட்சம் பேரு. இவளாண்ட நான் ஒருத்திதான். சொன்னதும் கேட்டா.” கீரைக்காம்பை முறத்தில் எறிந்தாள். “இப்ப இன்னா, அவ நெஞ்சுல ஓட்ட போடணுமா?”

“வாசிக்கணும் பிரமிளா.”

 

7

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) பிரமிளா மறுக்கிறாள். அவன் மிட்டாய்ப் பெட்டியிலேயே கட்டுகிறான். பரவாயில்லை என்கிறான். [பரவாயில்லை என்று சொல்லும் ஆண்களை நம்பக்கூடாது.]

(ஆ) அவள் இல்லாத நேரம் பார்த்துத் துளை போடுகிறான். நன்றாக வாசிக்கிறான். அவள் வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே வராமல்… [முடிக்க மனம் வரவில்லை.]

(இ) அவள், “வெள்ளிக்கெழம வரிக்கும் டைம் குடு. அவள அனுப்பி வெச்சிட்டுத் தரேன்” என்கிறாள்.

மூன்றாவதை நான் எழுதவில்லை. அவளே சொன்னாள்.

8

விநாயக சவிதி முடிந்து பிள்ளையாரைக் கரைக்குமுன், களிமண் சிலையை ஓர் அங்குலம் வடக்கே நகர்த்துவார்கள். நகர்த்தினால் சாமி புறப்பட்டுவிட்டார், மிச்சம் வெறும் மண் என்று அர்த்தம். பிரமிளா வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, சுருட்டுப்பெட்டிக்கு அந்த மரியாதையைச் செய்யப்போனாள். அலமாரியில் பெட்டிக்கு வடக்கே சுவர்.

“கொஞ்சம் தெக்கால இஸ்து, அப்புறம் வடக்கால தள்ளு,” என்றான் தனசேகர்.

“ரிவர்ஸ் எடுக்க இவ இன்னா லாரியா?”

இறக்கி மணைப்பலகையில் வைத்தாள். சூடம் காட்டினாள். “போய்ட்டு வாம்மா. அவரு வெரல நீ குடுத்த. அந்த வெரலுக்கு இப்ப வேல வந்திருக்குது” என்றாள். இரண்டு கையாலும் ஓர் அங்குலம் வடக்கே நகர்த்தினாள்.

“போய்ட்டாளா?”

“போய்ட்டா.”

தனசேகர் படத்தின் நெற்றிக் குங்குமத்தைத் துடைக்கவில்லை. காசுகள் கொட்டிக்கிடந்த காலடியில் பென்சிலால் வட்டம் போட்டான். டிரில்லை எடுத்தான். பிரமிளா, “இரு” என்று சமையலறைக்கு ஓடினாள். ஒரு துளி வெல்லத்தோடு வந்தாள். அதைப் படத்தின் உதட்டில் ஒட்டினாள். மகள் ரக்ஷிதாவுக்குக் காது குத்திய அன்று செய்ததுபோலவே எதிரில் உட்கார்ந்து, ஒரு கையால் பெட்டியை அணைத்து, மறு உள்ளங்கையால் அந்த அம்மாளின் கண்களைப் பொத்தினாள்.

“போய்ட்டான்னு சொன்னியே?”

“போய்ட்டாதான். இருந்தாலும்…”

 தனசேகர் டிரில்லின் முனையை வட்டத்தில் வைத்துவிட்டு அப்படியே இருக்கிறான். அவளுக்கும் அவனுக்கும் கைகள் ஒழியவில்லை. சுவரில் ஸ்விட்ச் இன்னும் போடவில்லை. அதன் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான்.

என்னைப் பார்க்காதீர்கள். எனக்கு அந்தக் கிதாரையும் கேட்கவேண்டும், அந்தக் கையையும் விலக்கச் சொல்ல வாய் வரவில்லை. போடுவதானால் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். எதுவானாலும் சீக்கிரம். அவள் இன்னும் கையை எடுக்கவில்லை.